நடுநின்ற நல்லாசிரியர் கென் ஆஸ்டன்

விளையாட்டுக் களத்திலே புகழ் என்பது பந்தை உதைத்தவர்க்கே உரிய பொருளாகிவிட்டது. கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிச் செல்கின்றனர். கோலைக் காத்தவனைக் கட்டித் தழுவுகின்றனர். பயிற்றுவித்த ஆசிரியருக்கு மாலை சூட்டுகின்றனர். நடுநின்று விசில் ஊதியவரோ, கூட்டம் கலைந்தபின் தமது துவிச்சக்கர வண்டியைத் தாமே தேடி எடுத்துக்கொண்டு வீடு செல்கிறார். அவர் தம் கடமையைச் செவ்வனே புரிந்திருப்பின் அவரைப்பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. பிழைவிட்டாராயின் அப்பிழை பத்தாண்டு பேசப்படும். வன்னிப் பெருநிலத்தில் இது நாம் கண்கூடாகக் காண்பது. காலபோக அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் காயாததுமாக ஊருக்கு ஊர் உதைபந்தாட்டம் தொடங்கிவிடும். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டங்களிலும், முல்லைத்தீவுக் கரையோரத்திலும், வவுனியாவின் குளத்தடி ஊர்களிலும் மாலைநேரத்தில் ஊரே மைதானத்தில் நிற்கும். ஒரு தீர்ப்பின் காரணமாக இரண்டு ஊரார் ஒருவர் திருவிழாவுக்கு மற்றவர் போகாமல் முகந்திருப்பி நிற்பதும் உண்டு. இத்துணைப் பாரத்தைச் சுமப்பவர் நடுவர். ஆயினும் அவர் எப்படிப் பயில்கிறார், எப்படி உழைக்கிறார் என்பதைக் கேட்பார் இல்லை.

ஆதலின் இம்மலரிலே நடுவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுந்தோம். 2001ஆம் ஆண்டிலே காலமான கென் ஆஸ்டன் என்னும் ஆங்கிலேயர் அவர். மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை என்பவற்றை அறியாத சிறுவன் எமது மாவட்டங்களில் இல்லை. அவற்றைக் கண்டுபிடித்தவர் இவர் என்பதை அறிந்தவர் சிலரே. அவர் ஒரு பாடசாலை ஆசிரியர் என்பதையும், பிற்காலத்தில் தலைமையாசிரியராக இருந்தார் என்பதையும் அறிந்தவர் அவரினும் சிலர். எமக்கு அவர்மீது பற்று உண்டானது இக்காரணத்தாலேயே என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொழிலையே வாழ்வாகக் கொண்ட இன்றைய பெருநடுவர்களைப் போலன்றி, அக்காலத்து இங்கிலாந்து நடுவர்கள் யாவரும் வேறு தொழில் செய்து வயிறு வளர்த்தவர்கள். வாரநாட்களில் வகுப்பறை, சனிக்கிழமையில் மைதானம் என்பதே ஆஸ்டனின் வாழ்வு.

கெனத் ஜோர்ஜ் ஆஸ்டன் 1915ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 1ஆம் திகதி, இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள கொல்செஸ்டர் நகரிலே பிறந்தார். எக்செற்றர் நகரிலுள்ள புனித லூக் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1936ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதளவில், நடுவருக்குரிய தகுதியையும் பெற்றார். அத்தகுதியைப் பெற்ற இளைஞருக்கு முதலிற் கிடைப்பது பெரிய மைதானம் அன்று. ஊர்க்கழகங்களும் தொழிற்சாலை அணிகளும் சிறுவர் அணிகளும் ஆடும் திடல்களே கிடைக்கும். படிப்படியாகத்தான் மேலேற வேண்டும். இங்கிலாந்தின் முதன்மைச் சுற்றாகிய லீக் போட்டிகளில் எல்லைக்கோட்டு நடுவராக அவர் கொடி பிடித்தது 1949-50 பருவகாலத்தில்தான். இடையில் போர் குறுக்கிட்டது உண்மையே. ஆயினும் தகுதி பெற்றதற்கும் கொடி பிடித்ததற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். இவ்வாண்டுகளைப்பற்றிப் பெரிதாக எழுதுவார் எவருமிலர். எமக்கோ, பின்வந்த புகழுக்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்தது என்று தோன்றுகிறது.

நடுவர் பணியின் இயல்பைச் சிறிது விளக்குதல் இவ்விடத்திற் பொருந்தும். தொடக்ககாலத்திலே உதைபந்தாட்டத்துக்கு மைதானத்தினுள் ஒரு நடுவர் இருக்கவில்லை. ஒவ்வோர் அணிக்கும் ஒருவராக இரு மத்தியஸ்தர் இருந்தனர். அவர்கள் உடன்படாதபோது கோட்டுக்கு வெளியே நின்ற மூன்றாமவரிடம் முறையிடுவர். 1891ஆம் ஆண்டிலேயே அம்மூன்றாமவர் மைதானத்தினுள் அழைக்கப்பட்டார். மற்றை இருவரும் கொடியுடன் எல்லைக்கோட்டுக்குச் சென்றனர். பின்னர் ஸ்ரான்லி ரவுஸ் என்பார், மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை நோக்கிக் குறுக்காக ஓடும் முறையை நிலைநாட்டினார். நடுவர் குறுக்கே ஓட, அவர் கண்ணுக்கு எட்டாத இரு பக்கங்களையும் கொடியாளர் இருவரும் பார்த்துக்கொள்வர். ஆட்டம் எந்நேரமும் இரு சோடிக் கண்களுக்கு நடுவே அகப்பட்டிருக்கும். ரவுஸும் பாடசாலை ஆசிரியராயிருந்தவரே என்பது குறிப்பிடத்தக்கது. இம்முறையின் உயிர் ஓட்டத்திலே இருக்கிறது. நின்ற இடத்தில் நின்று விசில் ஊதுபவர்க்கு இது பயன்படாது. பந்து போன இடத்துக்குத் தாமும் போகாதவர் ஊகத்தினால் தீர்ப்புச் சொல்ல நேரும். ஊகத்தினாற் சொன்ன தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் அதை ஏற்றுக்கொள்ள ஆடுபவர் மனம் இசையாது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கணுக்காலில் இருந்த ஊனத்தின் காரணமாக வான்படை அவரை ஏற்கவில்லை. பீரங்கிப் படையிற் சேர்ந்தார். பின்னர் பிரித்தானிய இந்தியப் படைக்கு மாறினார். போர் முடிவில் லெப்டினன்ட் கேணல் பதவியில் இருந்தார். போரின்பின் சிங்கப்பூரிலே சாங்கி என்னுமிடத்தில் நடைபெற்ற போர்க்குற்ற விசாரணை மன்றத்திலும் பணியாற்றினார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எம்மவர் பலர் உத்தியோகம் பார்த்துவந்த காலம் அது. யப்பானியர் ஆட்சியின் கொடுமையை 1942 தொடக்கம் 1945 வரை நேரிற் பட்டவர்கள் ஊர்திரும்பிச் சொன்ன கதைகள் வடபகுதிக் குடும்பங்களில் இன்றும் வழங்குகின்றன. அக்கொடுமைகளை விசாரித்த மன்றத்தில் இருந்த ஒருவர், அடுத்த ஆண்டுகளிலே சனிக்கிழமை மாலையில் பந்து கோட்டைக் கடந்ததா இல்லையா என்று ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு உண்டாகிறது. உயிரைப்பற்றிய தீர்ப்பைக் கண்டவருக்குப் பந்தைப்பற்றிய தீர்ப்பு அற்பமாகத் தோன்றியிருக்கலாம். அவருக்கு அவ்வாறு தோன்றவில்லை.

1946ஆம் ஆண்டில் மைதானத்துக்குத் திரும்பிய அவர் கரிய உடையும் அதற்கு வெள்ளைக் கரையும் அணிந்து வந்தார். நெடுங்காலம் நடுவரின் அடையாளமாக விளங்கிய உடை அதுவே. அடுத்த ஆண்டில் எல்லைக்கோட்டு நடுவர்களின் கொடியை மாற்றினார். அதுவரை அவர்கள் பிடித்தவை, அவ்வவ்விடத்து அணியின் நிறத்திலமைந்த மங்கிய கொடிகள். மூடுபனி சூழும் இங்கிலாந்தின் மழைக்கால மாலையில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆஸ்டன் பளிச்சென்ற மஞ்சட் கொடியைக் கொண்டுவந்தார். இவை சிறு செயல்கள்தாம். ஆனால் மாணவன் கடைசி வாங்கிலிருந்து கரும்பலகையைப் படிக்க முடிகிறதா என்று தாமே பின்னாற் போய் நின்று பார்க்கும் ஆசிரியரின் கண் இவற்றில் இருக்கிறது. 1953ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த இல்ஃபோர்ட் பகுதியிலுள்ள நியூபெரி பார்க் பாடசாலையின் தலைமையாசிரியரானார். அனைத்துலகப் போட்டிகளும் வரத் தொடங்கின. 1960ஆம் ஆண்டில், ஐரோப்பாவின் வெற்றிக்கழகமும் தென்னமெரிக்காவின் வெற்றிக்கழகமும் முதன்முறையாக மோதிய கண்டங்களுக்கிடையிலான கிண்ணத்தின் இரண்டாம் ஆட்டத்திற்கு, மட்ரிட் நகரில், நடுவர் அவரே. ரியல் மட்ரிட் அணி உருகுவே நாட்டின் பெனரோல் அணியை ஐந்துக்கு ஒன்று என வென்றது.

இனி 1962. அவ்வாண்டு உலகக் கிண்ணப் போட்டி தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் நடைபெற்றது. மே 30ஆம் திகதி சிலியும் சுவிற்சர்லாந்தும் ஆடிய தொடக்க ஆட்டத்தை ஆஸ்டன் நன்றாகவே நடத்தினார். மூன்று நாள் கழித்து, ஜூன் 2ஆம் திகதி, அதே சந்தியாகோ மைதானத்தில் சிலியும் இத்தாலியும் மோதின. ஆட்டத்துக்கு முன்னரே இத்தாலியப் பத்திரிகையாளர் சிலர் சந்தியாகோ நகரத்தையும் அதன் மக்களையும் இழித்து எழுதியிருந்தனர். 1960ஆம் ஆண்டின் பெரும் பூமியதிர்ச்சியிலிருந்து மீண்டுகொண்டிருந்த மக்களுக்கு அது புண்ணிற் புளியாயிற்று. 66,000 பேர் கூடியிருந்தனர். ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டாவது வினாடியிலேயே முதற் குற்றம் நிகழ்ந்தது. எட்டாவது நிமிடத்தில் இத்தாலியின் ஃபெரினி வெளியேற்றப்பட்டார். அவர் போக மறுத்தார். நடுவருக்கு ஸ்பானிய மொழியும் தெரியாது, இத்தாலிய மொழியும் தெரியாது. ஈற்றிற் பொலிஸார் வந்து அவரை இழுத்துச் செல்ல நேர்ந்தது.

அதன்பின் நடந்தது ஆட்டம் அன்று. சிலியின் லியோனல் சான்செஸ், தம்மை உதைத்த இத்தாலியர் மரியோ டேவிட்டை முட்டியால் அடித்தார். நடுவர் அவரைத் தண்டிக்கவில்லை. சில நிமிடங்களில் டேவிட் பழிவாங்கும் வகையிற் சான்செஸின் தலையை நோக்கி உதைத்தார், அவர் வெளியேற்றப்பட்டார். பின்னர் சான்செஸின் கையால் மாஸ்கியோ என்னும் இத்தாலியரின் மூக்கு உடைந்தது. அதற்கும் தண்டனை இல்லை. எல்லைக்கோட்டு நடுவர்களிடமிருந்து வேண்டிய உதவி வரவில்லை. பொலிஸார் மீண்டும் மீண்டும் மைதானத்தினுள் வந்தனர். ஒன்பது பேராகக் குறைந்த இத்தாலி இறுதிக் கால்மணி நேரத்தளவில் இரண்டு கோல்களைக் கொடுத்துத் தோற்றது. இவ்வாட்டம் சந்தியாகோப் போர் என்றே வரலாற்றிற் பெயர் பெற்றுவிட்டது. படச்சுருள் இங்கிலாந்துக்கு வந்து தொலைக்காட்சியிற் காட்டப்பட்டபோது ஆஸ்டனின் நாட்டவரே அதனைக் கண்டு வெட்கினர். காலின் குதிநரம்பிலும் அவருக்குக் காயம். அதன்பின் எந்த உலகக் கிண்ண ஆட்டத்திலும் அவர் விசில் ஊதவில்லை.

அன்றைய ஆட்டத்தை அவர் சரிவர நடத்தினார் என்று நாம் வாதாட வரவில்லை. இரு கன்னத்தில் ஒன்றை மாத்திரம் அடித்த தீர்ப்பு அது என்று இத்தாலியர் இன்றும் சொல்வர். படத்தைப் பார்ப்போர் அதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு ஆண்டுதோறும் செல்பவர்கள் நாம். கோவலன் கூத்தை விடியவிடியப் பார்த்து வளர்ந்த மண் முல்லைத்தீவு. அக்கதையிலே பாண்டியன் கொடியவன் அல்லன். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான், தன் கண்ணாற் காணாததைக் கண்டதுபோற் கொண்டு தீர்ப்புச் சொன்னான், மதுரை எரிந்தது. காணாத குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பதில்லை என்பது நடுவர் தொழிலின் அடிப்படை. கூட்டத்தின் கூச்சலைக் கேட்டோ, விழுந்து கிடப்பவனின் முகத்தைப் பார்த்தோ தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் ஒருநாளும் முடிவிராது. ஆகவே காணாததைத் தண்டிக்காதது குறையன்று. காண வேண்டியதைக் காணும் இடத்தில் நில்லாததும், கண்ட துணைவரிடமிருந்து அதைப் பெறாததும் குறை. ஆஸ்டன் இவ்விரண்டையும் பின்னாளிற் பிறருக்குக் கற்பிக்கும் பாடமாகவே ஆக்கிக்கொண்டார்.

பழியேற்று வந்தவர் மூலையிற் குந்திவிடவில்லை. அடுத்த ஆண்டு, 1963 மே 25ஆம் திகதி, வெம்பிளி மைதானத்தில் மான்செஸ்டர் யுனைட்டெட் அணியும் லெஸ்ரர் சிற்றி அணியும் ஆடிய இங்கிலாந்தின் எஃப். ஏ. கிண்ண இறுதியாட்டத்திற்கு அவரே நடுவர். அந்நாட்டு நடுவர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப்பெரிய கௌரவம் அது. அப்போது அவருக்கு வயது 47. பெரும்போட்டிகளில் ஓடும் வயது முடிந்துவிட்டது.

இதற்குப் பின் அவர் அனைத்துலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய ஃபிபாவின் நடுவர் குழுவில் எட்டு ஆண்டுகள் இருந்தார். அவற்றில் நான்கு ஆண்டுகள் அதன் தலைவர். 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் இங்கிலாந்தில் நடந்தபோது நடுவர்களைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. ஜூலை 23ஆம் திகதி கால்இறுதியில் இங்கிலாந்தும் ஆர்ஜென்டீனாவும் மோதின. நடுவராயிருந்தவர் ஜேர்மனியைச் சேர்ந்த ருடோல்ஃப் கிரைட்லைன். தொழிலாலே தையற்காரர், உருவத்திலே சிறியவர். முப்பத்தைந்தாம் நிமிடத்தில் அவர் ஆர்ஜென்டீனாவின் அணித்தலைவர் ரத்தினை வெளியேற்றினார். ரத்தின் நெடிய உருவினர். ஏன் வெளியேற்றப்படுகிறார் என்பது அவருக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென நின்றார். ஆட்டம் பல நிமிடம் தடைப்பட்டது. ஆஸ்டனே மைதானத்தினுட் சென்று அவரை இணங்கச்செய்து வெளியே அழைத்துவர நேர்ந்தது. நான்கு ஆண்டுக்கு முன் ஃபெரினியின் எதிரே தாம் நின்ற நிலையை அன்று அவர் வேறொரு நடுவரின் முகத்திற் கண்டிருப்பார்.

இந்த இடத்தில் ஒரு குறையையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் ஆட்டத்துக்கு ஜேர்மானியர் நடுவர். அதே நாளில் மேற்கு ஜேர்மனியும் உருகுவேயும் ஆடிய ஆட்டத்துக்கு ஆங்கிலேயர் நடுவர். அவ்வாட்டத்தில் உருகுவேயர் இருவர் வெளியேற்றப்பட்டனர். ஐரோப்பியர் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டனர் என்று தென்னமெரிக்கர் கொதித்தனர். அவ்வாறு ஒப்பந்தம் இருந்ததென்று நாம் கருதவில்லை. ஆயினும் நடுவரை நியமிப்போர் நேர்மையாக இருப்பதோடு அமையாது, நேர்மையாகத் தோன்றவும் வேண்டும். எமது ஊர்களில், ஆடும் அணிகளில் ஒன்றின் கிராமத்தவரையே நடுவராக நிறுத்திவிட்டுப் பின்னர் சண்டை வந்ததென்று வருந்துவது எத்தனை முறை நடந்திருக்கிறது! பொறுப்பில் இருந்தவர் என்ற வகையில் ஆஸ்டனுக்கும் அப்பழியிற் பங்கு உண்டு.

ஆட்டம் முடிந்த பின்னும் குழப்பம் முடியவில்லை. இங்கிலாந்து அணியின் சகோதரர்களாகிய ஜக் சார்ள்ற்றனும் பொபி சார்ள்ற்றனும் அவ்வாட்டத்தில் எச்சரிக்கப்பட்டனர் என்று மறுநாட் பத்திரிகைகள் எழுதின. எச்சரிக்கப்பட்டவர்களுக்கே அது தெரியாது! நடுவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார், ஆடியவருக்கு விளங்கவில்லை, பார்த்தவர்க்கும் விளங்கவில்லை. இங்கிலாந்து அணியினர் ஃபிபாவிடம் விளக்கம் கேட்கவேண்டி வந்தது. இதைச் சிந்தித்தவாறே ஆஸ்டன் இலண்டனின் கென்சிங்ரன் பெருவீதியில் மோட்டார் வண்டியைச் செலுத்திக்கொண்டு போனார். வீதிச் சந்தியின் சமிக்ஞை விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியது. மஞ்சளைக் கண்டவன் தன்னைத் தடுத்துக்கொள்கிறான். சிவப்பைக் கண்டவன் நிற்கிறான். எந்த மொழி பேசுபவனுக்கும் அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டுவதில்லை. மைதானத்திற்கும் இதுவே போதும் என்று அவர் கண்டார்.

1970ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் நடந்த உலகக் கிண்ணத்திலே அட்டைகள் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தன. அப்போட்டியில் மஞ்சள் அட்டைகள் காட்டப்பட்டன. சிவப்பு அட்டை ஒருமுறைதானும் சட்டைப்பையிலிருந்து வெளியே வரவில்லை. வேடிக்கை என்னவெனில், ஆஸ்டனின் சொந்த நாட்டு லீக் போட்டிகள் இதை ஏற்றுக்கொண்டது 1976ஆம் ஆண்டு ஒக்ரோபரில்தான். 1981இல் அட்டைகளைக் கைவிட்டார்கள். 1987இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். அண்டைவீட்டாருக்கு வைத்தியம் பார்த்த பரியாரியின் மருந்து அவர் வீட்டில் எடுபடாததுபோலும்!

அட்டையினால் அவர் பெயர் நிலைத்தது. ஆனால் அட்டையைக்காட்டிலும் அவர் மனப்போக்கைக் காட்டுவன வேறு சில. நடுவர் காயமுற்று ஆட்டத்தைத் தொடரமுடியாது போனால் யார் நடத்துவது என்று யோசித்து, மாற்று நடுவர் ஒருவரை முன்கூட்டியே பெயர் குறித்து வைக்கும் வழக்கத்தை 1966இல் கொண்டுவந்தார். இன்று நான்காம் நடுவர் என்று நாம் அழைப்பவர் அவ்வழி வந்தவரே. பந்தினுட் காற்று எவ்வளவு இருக்கவேண்டும் என்று விதியில் எழுதவேண்டுமென்று முன்மொழிந்து அதனை ஏற்கச்செய்தார், 0.6 முதல் 1.1 வரையான வளிமண்டல அமுக்கம் என்பது இன்றைய விதி. 1974இல், எந்த இலக்கமுடையவர் வெளியே போகிறார், எவர் உள்ளே வருகிறார் என்பதை யாவரும் அறியும்படி இலக்கப் பலகை தூக்கிக் காட்டும் முறையை ஏற்படுத்தினார். கருத்தூன்றிப் பார்த்தால் இவை யாவற்றினும் ஒரே நோக்கம் இருப்பது புலனாகும். தீர்ப்பைச் சொல்வது நடுவரின் கடமையிற் பாதி. அதை இருபத்திரண்டு பேருக்கும் கோட்டுக்கு வெளியே நிற்கும் கடைசிச் சிறுவனுக்கும் விளங்கவைப்பது மறுபாதி. மஞ்சட் கொடி தொடக்கம் இலக்கப் பலகை வரை அவர் உழைத்தது அந்த மறுபாதிக்காகவே. பாடத்தைத் தாம் அறிந்திருந்தாற் போதும் என்று எண்ணும் ஆசிரியரும் உளர். பிள்ளைக்கு விளங்கினாலன்றிப் பாடம் நடந்ததாகாது என்று எண்ணும் ஆசிரியரும் உளர். ஆஸ்டன் எவ்வகையினர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1974ஆம் ஆண்டைச் சொன்ன இடத்தில் இன்னொன்றையும் சொல்லாமற் போக மனமில்லை. மேற்கு ஜேர்மனியில் நடைபெற்ற அவ்வாண்டு உலகக் கிண்ணத்தில், ஜூன் 19ஆம் திகதி மியூனிக் நகரில் போலந்தும் ஹெயிட்டியும் ஆடிய ஆட்டத்தை நடத்தியவர் சிங்கப்பூரைச் சேர்ந்த கோவிந்தசாமி சுப்பையா. பெயரே எம்மவரென்பதைச் சொல்லும். போலந்து ஏழு கோல்களைப் போட்டது. ஹெயிட்டி ஒன்றும் போடவில்லை. ஏழாவது கோலுக்குப் பின்னும் நடுவர் முதல் நிமிடத்தில் ஓடியதுபோலவே ஓடவேண்டும். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு அப்போதுதான் நடுவர் மிகவும் தேவை. இதனை அறியாதவர், முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தில் மைய வட்டத்திலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பர்.

இனி, நாம் இக்கட்டுரையை எழுதியதற்கே காரணமாகிய பகுதிக்கு வருகிறோம். உலகக் கிண்ண நடுவர்களையெல்லாம் தம் பொறுப்பில் வைத்திருந்த ஒருவர் முதுமையில் என்ன செய்வார்? மேடையில் தலைமை வகிப்பார், பரிசளிப்பார், பழங்கதை சொல்வார். ஆஸ்டன் அமெரிக்காவுக்குச் சென்று சிறுவர் ஆட்டத்துக்கு விசில் ஊதும் தாய் தந்தையருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்க இளையோர் உதைபந்தாட்ட அமைப்பு என்பது 1964ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒன்பது அணிகளுடன் தொடங்கப்பட்டது. அணியிற் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையும், வல்லவனாயினும் மாட்டாதவனாயினும், ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆடியே ஆகவேண்டும் என்பது அதன் கொள்கை. பிள்ளைகள் ஆயிரக்கணக்கிற் சேர்ந்தனர், நடுவர்களோ இல்லை. உதைபந்தாட்டத்தை வாழ்நாளில் ஆடியிராத பெற்றோர், சனிக்கிழமை காலையில் விசிலைக் கழுத்திற் கட்டிக்கொண்டு நின்றனர். இவர்களுக்கு ஏறக்குறைய இருபது ஆண்டு காலம், எழுபதும் எண்பதும் கடந்த வயதிலும், ஆஸ்டன் ஆசிரியராயிருந்தார். எட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு இவ்வளவு போதும் என்று அவர் பாடத்தைக் குறைக்கவில்லை.

அவர் உதைபந்தாட்டத்தை ஒரு நாடகத்துக்கு ஒப்பிட்டுக் கற்பித்தார். இரண்டு அங்கம், மேடையில் இருபத்திரண்டு நடிகர், முன்னே எழுதிவைத்த கதை இல்லை, நடுவரே நெறியாளர். எமக்கு இதைக் கேட்டதும் அண்ணாவியார் நினைவே வந்தது. கூத்துக் களரியில் அண்ணாவியார் வேடம் கட்டுவதில்லை. முன்னால் வந்து ஆடுவதுமில்லை. ஆயினும் ஆடுபவன் காற்சதங்கை ஒன்று தாளம் தவறினால் முதலில் அறிபவர் அவரே. நல்ல அண்ணாவியார் பெருங்கோயில் முற்றத்தில் ஆடும் கூத்துக்கும், புழுதி வயலில் பெற்றோமக்ஸ் விளக்கு வைத்து ஆடும் கூத்துக்கும் மத்தளத்தை வேறு வேறாக அடிப்பதில்லை.

எமது பாடசாலைகளில் நிலை என்ன? இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்திலே பெரிய பிரிவின் இறுதியாட்டத்துக்குத் தகுதி பெற்ற நடுவரை வெளியிலிருந்து அழைக்கிறோம், தேநீர் கொடுக்கிறோம், கோடுகளைச் சுண்ணாம்பினாற் புதுக்குகிறோம். பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் ஆட்டத்துக்கோ, மர நிழலில் நிற்கும் எவரிடமாவது விசிலைக் கொடுத்துவிடுகிறோம். அவர் நிழலை விட்டு அகலாமலே அதை ஊதி முடிக்கிறார். அச்சிறுவனுக்கு அதுவே உலகக் கிண்ணம். பத்து மைல் தூரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறான். இரவல் சப்பாத்து அணிந்திருக்கிறான். அவன் போட்ட கோல் கோட்டைக் கடந்ததா என்பதைப் பார்க்கவேண்டியவர் ஐம்பது யார் தூரத்தில் நிற்கிறார். 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரினாலும் இடப்பெயர்வுகளினாலும் வன்னிச் சிறுவர் அடைந்த இழப்புகளை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. அவர்களில் எத்தனையோ பேருக்குப் பெரியவர்கள் தங்கள் செயலை உற்றுப் பார்த்து நியாயம் வழங்குவதென்பது எப்படியிருக்கும் என்பதைக் காட்டிய முதலிடம் மைதானமாகவே இருந்திருக்கும். அங்கும் பராமுகம் கண்டவன் வேறெங்கே அதைக் கற்பான்? எமது பழைய மாணவருள் விளையாடும் வயது கடந்தவர் பலர் உள்ளனர்; கால் இன்னும் ஓடும்; கண் இன்னும் தெரியும். ஆஸ்டன் முதிர்ந்த வயதிற் செய்ததைச் செய்ய அவர்களுக்கு உலகக் கிண்ண அனுபவம் வேண்டாம். விதிநூல் ஒன்றும் சனிக்கிழமை மாலை ஒன்றும் வேண்டும்.

1997ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு அவருக்கு எம். பி. ஈ. என்னும் விருதை அளித்தது. வெம்பிளிக்காகவோ சந்தியாகோவுக்காகவோ அன்று. அமெரிக்காவிலே உதைபந்தாட்டத்துக்கு அவர் ஆற்றிய தொண்டுக்காக. 2001ஆம் ஆண்டு ஒக்ரோபர் 23ஆம் திகதி, தமது 86ஆம் வயதில் அவர் காலமானார். அவரிடம் விசில் பிடிக்கப் பழகிய தாய் தந்தையர், அடுத்த சனிக்கிழமை காலையிலும் கலிபோர்னியாவின் பூங்காத் திடல்களில் தம் பிள்ளைகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தனர்.